மலைகளை நம்பாத வேன்காரர்

எங்கள் வேன்காரருக்கு மலைகள்மேல் நம்பிக்கை கிடையாது. கடவுளை நம்பாதவர்கள் உண்டு, டாக்டரை நம்பாதவர்கள் உண்டு, மாப்பிள்ளையை நம்பாத மாமனார்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. கண்ணெதிரே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற மலையை நம்பாத ஆள் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

முதல் தடவை அவர் வேனில் ஏற்காட்டுக்குப் போனோம். சேலத்தைத் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். பஞ்சர்தான் என்று நினைத்துக்கொண்டோம். அவர் இறங்கிப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மலையை உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்க ஜன்னலுக்கு வந்தார்.

"டீச்சர், இது எங்க தோண்டின மண்ணுங்க?"

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் புவியியல் டீச்சர். கேட்கவா வேண்டும்? இது மண் இல்லை, பாறை, யாரும் தோண்டிக் கொட்டியது இல்லை, கோடிக்கணக்கான வருஷமாக இங்கேயே இருக்கிறது என்று நடுரோட்டில் பத்தாம் வகுப்புப் பாடத்தை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க டீச்சர். பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

பின் சீட்டில் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். வேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக டீக்கடைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டார். டீக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்ட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார்.

சிரித்தது தப்பில்லை. ஆனால் நெய்வேலியில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிற மலையெல்லாம் நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வாரி வேறிடத்தில் கொட்டிக் கொட்டி உண்டானவை. அவற்றின்மேல் மரம் நட்டார்கள். மரம் காடாகி, மயில்கூட வந்துவிட்டது. தோண்டி முடித்த பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகள், "மலை, காடு, ஏரி எல்லாம் இருக்கே, குளுகுளுன்னு" என்பார்கள். வேன்காரர் பிறந்தபோது அங்கே தரை தட்டையாக இருந்தது. அவருடைய கண்ணுக்கு முன்னால் வளர்ந்த மலைகள் அவை.

ஒருமுறை எங்கள் வகுப்புப் பிள்ளைகளை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போக அவர் வேனைத்தான் பிடித்தோம். பிள்ளைகள் இறங்கி ஓடின. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இறங்கலையா?"

"எங்க ஊரு மேல ஏறி நின்னு என்னாத்த பாக்கறது டீச்சர்?"

"உங்க ஊரு இங்கயா இருந்துச்சு?"

"ஊரு அந்தாண்ட. தண்ணி நிக்கிது பாருங்க, அங்க. மேல இருந்த மண்ணு இங்க வந்துடுச்சி." பிறகு, "சாமிய தூக்கினு வந்துட்டோம். கெணத்த தூக்கினு வர முடியல" என்றார்.

முந்திரிக் கொல்லை வைத்திருந்தவர்களுக்கு நிலம் போனதற்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸில் குடியேறி, பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கினார்கள். வேன்காரருடைய அப்பா அடுத்தவர் கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கியவர். இல்லாத நிலத்துக்கு யார் வேலை கொடுப்பார்கள்? குடியிருக்க ஒரு மனை கொடுத்தார்கள். அது அண்ணன்தம்பிகளுக்கே போதவில்லை. இவர் கல்யாணமானதும் மனைவியின் ஊருக்கே போய், மாமனார் காலனியில் விட்டுக்கொடுத்த இடத்தில் ஷீட் போட்டுக் குடியேறினார்.

அவர் ஓட்டுகிற வேகத்தைப் பற்றி எங்கள் பிளாக்கில் ஒரு பேச்சு உண்டு: அவர் வேனில் ஊட்டிக்குக் கிளம்பினால் சீசன் முடிந்துதான் போய்ச் சேரலாம். மனைவியின் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவார். பாட்டு போட மாட்டார். காட்டுப் பாதையில் ஹாரன் அடிக்க மாட்டார். எங்கே பள்ளத்தாக்கு தெரிகிறதோ, எங்கே தண்ணீர் தெரிகிறதோ, அங்கெல்லாம் நாம் கேட்காமலே நிறுத்துவார். நாம் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும். "நல்லா பாத்துக்குங்க" என்பார். பிறகு அந்த ஊர்க்காரர் யாரையாவது தேடிப் பிடித்து, இங்கே முன்னே என்ன இருந்தது, யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று விசாரிப்பார். கொடைக்கானல் ஏரியில் படகு விடுகிற பையனிடம், "இதுக்கு அடியில எந்த ஊரு தம்பி?" என்று கேட்டு அவனைக் கலவரப்படுத்திவிட்டார். ஏறிய பிறகு என் மகள் படகுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அன்று அவர்மேல் எரிச்சலாக வந்தது. காசு கொடுத்துச் சந்தோஷமாக இருக்க வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று அவரிடமே சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார். மறுநாள் அருவியில் போய் அதையே கேட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. அதற்கு முன்னால் அவர் குடியேறிய மனைவியின் ஊரில் 'வருது' என்று ஒரு சொல் புழங்குவதைச் சொல்லியாக வேண்டும். என்ன வருது என்று யாரும் கேட்பதில்லை. மைன்ஸ்தான், ஊரை எடுத்துக்கொள்ள. "வருதாமே?" "இந்த வருஷம் வராதாம்." "ஏரிக்கரை வரைக்கும்தான் வருதாம்." அந்த ஊரில் ஒருவர் போர் போடுவதும் மாடு வாங்குவதும் இந்தச் சொல்லைப் பொறுத்தது. வசதி இருந்தும் ஓலையை மாற்றாமல் வைத்திருப்பார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட முதலில் இதைத்தான் விசாரிப்பார்கள். என் கணவர் வேலை பார்த்தது சுரங்கத்துக்கு நிலம் அளக்கிற செக்ஷனில். அதனால் வேன்காரர் ஒவ்வொரு பயணத்திலும் ஒரே ஒரு தடவை, அதுவும் டவுன்ஷிப்பில் வாயே திறக்காமல், ஏதாவது ஒரு மலைமேல் டீ குடித்து முடித்த பிறகு கேட்பார்.

"சார், எங்க ஊரு வருதுங்களா?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல" என்பார் என் கணவர். அது உண்மைதான், அப்போதெல்லாம். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வைகாசியில் வால்பாறை போனோம். என் கணவர் ஆனியில் ரிட்டயர் ஆக இருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போவதாக இருந்தோம். நெய்வேலியிலிருந்து கிளம்புகிற கடைசி டூர் என்பதால் அவசரமில்லாமல் போய் வரலாம் என்று முடிவு செய்திருந்தோம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேர், வேன்காரர், அவ்வளவுதான்.

அந்தத் தடவை வேன்காரர் ஆளே மாறியிருந்தார். முகத்தில் களை. ஆத்தூரில் டீக்கு நிறுத்தியபோது, என் கணவர் பாத்ரூம் பக்கம் போயிருந்த நேரத்தில், என்னிடம் சொன்னார்.

"டீச்சர், தளம் போட்டுட்டேன்."

"வீட்டுக்கா?"

"ஆமாங்க. முந்தாநேத்துதான் கான்கிரீட் போட்டாங்க. பாப்பாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்துல எடம் அமைஞ்சிருக்கு. பையன் நல்ல பையன். ஷீட் வூட்டுல சம்பந்தம் பண்ண மாட்டோம்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. ஆனில வூடு பாக்க வர்றாங்க, ஆவணில கல்யாணம். வடலூர்ல மண்டபம் சொல்லி வச்சிருக்கேன்."

"ஊரு வருதான்னு கேட்டுட்டிருந்தீங்களே?"

"இனிமே வராதுங்க. எங்க காலனிக்கே சிமென்ட் ரோடு போட்டுட்டாங்க டீச்சர், தையில. எடுக்கப்போற ஊருக்கு எவனாச்சும் ரோடு போடுவானா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. மனைவி.

"தண்ணி நிக்கிதா?" என்றார் எடுத்த எடுப்பில். "பாத்தி ஒடையாம பாத்துக்க. வெயில் கொளுத்துது, மத்தியானம் ஒருக்கா ஊத்து."

புதுத் தளத்தின்மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருந்தால்தான் கான்கிரீட் இறுகும். கத்திரி வெயிலில் காலையில் ஊற்றியது மாலைக்குள் வற்றிவிடும். அதனால் அந்தப் பயணம் முழுக்க, வேன் நின்ற இடத்திலெல்லாம் அவர் போன் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் அருவியைப் பார்ப்போம், அவர் கொஞ்சம் தள்ளி நின்று, "தண்ணி நிக்கிதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆழியாறு அணைக்கட்டில் இரண்டாவது போன் வந்தபோதுதான் என் கணவர் என்னிடம் விஷயம் கேட்டார். தளம் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். கையிலிருந்த மாங்காய்ப் பத்தையைத் தின்னாமல் அப்படியே வைத்திருந்தார்.

"ஏன், என்ன?"

"அந்த ஊரு மைன்ஸ் லைனுக்குள்ள வருது. மேப் கையெழுத்தாகிப் போயிட்டுது. இன்னும் வெளிய சொல்லல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பங்குனில."

"அவர்கிட்டச் சொல்லுங்க."

"வெளிய சொல்லக் கூடாது. ரிட்டயர் ஆகப் போற நேரத்துல…"

"அவர் பொண்ணு கல்யாணத்த நம்பித் தளம் போட்டிருக்காருங்க."

"போட்டாச்சு, இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

வேன் மலை ஏறியது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவர் எங்களை இறக்கி, கீழே நீலமாகக் கிடந்த ஆழியாறு தண்ணீரைக் காட்டினார். "நல்லா பாத்துக்குங்க." வரையாடு நின்றது, காட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பாதையை நான் பார்த்ததில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு எந்தப் பாதையையும் பார்த்ததும் இல்லை. என் கணவர் இறங்கும்போதெல்லாம் மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே ஓர் அணைக்குப் போனோம். கோடையில் தண்ணீர் இறங்கி, கரை படிக்கட்டு மாதிரி செம்மண்ணாகத் தெரிந்தது. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் வரிசையாக நின்றன. வேன்காரருக்குக் கேட்கவே வேண்டாம். நேரே டீக்கடைக்குப் போனார்.

"இதுக்குள்ள என்னா இருந்துதுங்க?"

"காடுதானுங்க" என்றாள் கடைக்காரப் பெண். "தண்ணி வத்துனா மரமெல்லாம் தெரியுமுங்க."

"வூடு?"

"வீடெல்லாம் நான் பாத்ததில்லீங்க. காட்டுக்குள்ளார சனங்க இருந்தாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க."

"பாத்தீங்களா டீச்சர்" என்றார் என்னிடம் திரும்பி. தான் சொன்னது பலித்த சந்தோஷம் அதில் இல்லை. டீயைக் குடித்தார். என் கணவரும் குடித்தார். வழக்கமாக வேன்காரர் கேட்கிற நேரம் அது. அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அணைப் பக்கம் பார்த்தபடி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார். அந்த நிம்மதியைத்தான் என் கணவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க சார்."

"உங்க ஊரு வருது."

வேன்காரர் டீ கிளாஸை வைக்க இடம் தேடினார். பக்கத்திலேயே பெஞ்ச் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

"பாதியா, முழுசுங்களா?"

"முழுசா."

"காலனி கோயிலுக்கு அந்தாண்ட இருக்குதுங்களே."

"அதுவும் சேத்துத்தான்."

"ரோடு போட்டாங்களே சார்."

"அது பஞ்சாயத்து போட்டது. அவங்களுக்கு இது தெரியாது."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு மாசமா."

அவர் தண்ணீரைப் பார்த்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்ன செவுரே எழும்பல" என்றார்.

"நீங்க எப்பவும் கேப்பீங்க. இந்தத் தடவ கேக்கல" என்றார் என் கணவர்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

என் கணவர் சட்டைப்பையில் டீக்காசைத் தேடினார். முப்பது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். நல்லவர், ஒரு ரூபாய்க்குக் கை நீட்டியதில்லை. அந்த நிமிஷம் அவரை அங்கேயே விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போல எனக்கு இருந்தது. போன் அடித்தது. வேன்காரருடையதுதான், வீடியோ கால். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"இன்னா எடங்க அது, கடலாட்டம் கீது?" என்றது மனைவியின் குரல்.

"ஏரி. இரு, காட்டறேன்." போனைத் திருப்பி அணையைக் காட்டினார். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை மெதுவாக, ஒன்றும் விடாமல் காட்டினார். "பாத்தியா?"

"இங்கயும் பாருங்க." அந்த அம்மாவும் போனைத் திருப்பியிருப்பார். சின்னத் திரையில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தெரிந்தது, அதில் வானம் தெரிந்தது.

"நிக்கிதா?"

"நிக்கிது."

"சரி, வை."

"திரும்பிடலாமா?" என்று நான்தான் கேட்டேன். "நீங்க வீட்டுக்குப் போகணும்னா இப்பவே கிளம்பிடலாம்."

"எதுக்கு டீச்சர்? வந்தது வந்துட்டீங்க. பாத்துட்டு போவலாம்."

சொன்னபடியே மிச்ச இடங்களையும் காட்டினார். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. சிங்கவால் குரங்குக்காக ஒரு மரத்தடியில் காத்துக்கிடக்க வைத்தார். வேகம் அதே வேகம். ஒரே வித்தியாசம், எந்த இடத்திலும் அவர் இறங்கவில்லை, யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மலை வந்தது, போனது. அவர் கத்தியிருந்தால், கோபத்தில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பேசாமல் ஓட்டியது பயமாக இருந்தது. வீட்டுப் போன் வந்தால் மட்டும் அவர் குரல் கேட்கும். தண்ணி நிக்கிதா? ஊத்து.

திரும்பி வருகிற வழியில், விருத்தாசலத்தைத் தாண்டி, டவுன்ஷிப்புக்குப் போகிற சாலையை விட்டு வேன் பிரிந்தது. "ஒரு எட்டு வூட்ட பாத்துட்டு போயிடலாங்க. அவ சொல்லிகினே இருக்கா, டீச்சர கூட்டினு வாங்கன்னு" என்றார். மறுக்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை.

சிமென்ட் ரோடு வீட்டு வாசல்வரை வெள்ளையாகப் போனது. வீட்டுக்குள் நுழைய முடியாது, தளத்தைத் தாங்கி அடியில் முட்டுக் கம்புகள் நெருக்கமாக நின்றன. குடும்பம் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. அவருடைய மகள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணக் களை வந்துவிட்ட முகம். அவர் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு மூங்கில் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், வாங்க சார், இத ஊத்திட்டு வந்துடறேன்" என்றார் பாதி ஏணியில் திரும்பி.

வேன்காரர் என் கணவரை வேனுக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நானும் போனேன்.

"சார், இவளுக்கு எதுவும் தெரிய வேணாம். பாப்பாவுக்கும்."

"ஊர்ல எப்படியும் தெரிஞ்சிடுமே" என்றார் என் கணவர்.

"ஆவணிக்கு அப்பறம் தெரியட்டும். தாலி கட்டிட்டா போதும்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். குரல் தணிந்துதான் இருந்தது. "ரெண்டு மாசம் எங்கிட்ட சொல்லாம இருந்தீங்கள்ல சார்? இன்னும் மூணு மாசம் இவங்ககிட்ட சொல்லாம இருங்க."

என் கணவர் தலையாட்டினார். எனக்கு அந்த மேல்பட்டாம்பாக்கத்து அம்மா, நான் பார்த்தே இராதவர், நினைவுக்கு வந்தார். வீடு பார்க்க வந்து, தளத்தைப் பார்த்து, திருப்தியாகத் திரும்பிப் போகப் போகிறவர். சொல்வதா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

"சார்" என்று மேலேயிருந்து அவர் மனைவி கூப்பிட்டார். தளத்தின் ஓரத்தில், முழங்கால்வரை நனைந்து, வெற்றுக் குடத்தோடு நின்றார். "நீங்க இதெல்லாம் படிச்சவங்க. ஏறி வந்து ஒரு பார்வை பாருங்க. கொத்தனாரு நாப்பது வருஷத்துக்கு அசையாதுன்னு சொல்றாரு, எனக்கு நம்பிக்கையே வரல."

என் கணவர் வேன்காரரைப் பார்த்தார். வேன்காரர் ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க சார், நான் புடிச்சிக்கறேன்" என்றார்.

என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கீழே நின்ற எங்களுக்குத் தண்ணீரில் அவர் கால் வைக்கிற சத்தம் கேட்டது. அங்கேயும் இங்கேயுமாக நடந்தார். குதிகாலால் ஓரிடத்தில் தட்டினார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். "காய விட்டுறாதீங்க."